அன்றாட ஜெபம் (கிறித்தவம்)

கிறித்தவர் நாள்தோறும் குறித்த வேளையில், பெரும்பாலும் பழகிய சொற்களால் இறைவனிடம் பேசும் வழக்கம். தமிழில் சீர்திருத்தச் சபையார் ஜெபம் என்றும் கத்தோலிக்கர் செபம் என்றும் எழுதுவர். ஆதித் திருச்சபையின் கையேடான 'திதாக்கே', இயேசு கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லப் பணிக்கிறது. கத்தோலிக்கரின் மூவேளைச் செபமும் காலை, நண்பகல், மாலை மணியோசையை ஒட்டியது.

மனப்பாடச் சொற்களில் மனம் இருக்குமா என்பது பழைய ஆட்சேபம். வீண் வார்த்தைகளை அலப்புவதை மத்தேயு 6:7 கண்டிக்கிறதே என்பார்கள். ஆனால் இரண்டே வசனம் தள்ளி, 6:9இல், அதே இயேசு ஒரு ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். ஆகவே கண்டனம் வெற்று அலப்பலுக்குத்தான், திரும்பச் சொல்வதற்கு அல்ல. கத்தோலிக்கர் மணிகளை எண்ணிச் சொல்லும் செபமாலையில் 53 முறை வரும், மரியாளை வாழ்த்தும் மங்கள வார்த்தைச் செபத்தையே பாருங்கள்: உதடு பழகியதைச் சொல்லும், விரல் மணியை நகர்த்தும், மனமோ இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்ச்சி ஒன்றில் நிற்க வேண்டும். (நிற்காமல் அலைவதும் உண்டு, அது மனத்தின் குணம், மாலையின் குற்றமல்ல.) துக்க வீட்டில் சொந்தச் சொல் எழும்பாதபோது கைகொடுப்பதும் இந்த மனப்பாடமே. சொந்தச் சொற்களால் ஜெபிக்கும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் 'ஸ்தோத்திரம்' ஓயாமல் ஒலிக்கிறது.