பட்டும் புளியமரமும்

வத்தலக்குண்டைச் சுற்றிய சாலைகளில் நிழல் என்றால் புளியமரம்தான். அந்த மரத்தின் பெயரைப் பட்டுக்கு வைத்த மக்கள் இருக்கிறார்கள். வடக்கு நைஜீரியாவின் ஹவுசா மொழியில் 'த்சமியா' என்றால் புளியமரம்; அங்கே காட்டுப்பட்டுக்கும் த்சமியா என்றே பெயர். அனாஃபே என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் புளிய இலையைத் தின்று வளர்கின்றன. பிறகு நூற்றுக்கணக்கில் ஒன்றுகூடி, ஒரே பையாகக் கூடு கட்டுகின்றன. கூடு தேடி மரத்தடிக்குப் போனவர்கள் மரத்தின் பெயரையே பட்டுக்கும் சூட்டிவிட்டார்கள்.

ஒரு பொருள் எந்த நிலையில் மக்கள் கைக்கு வந்து சேர்ந்ததோ, அந்த நிலையிலிருந்துதான் பெரும்பாலும் அதற்குப் பெயர் பிறக்கிறது. அசாமின் எரிப்பட்டில் தீ ஏதும் இல்லை. அந்தப் புழு தின்னும் ஆமணக்கின் பெயர் அது. நம் சித்த மருத்துவ நூல்கள் ஆமணக்கை ஏரண்டம் என்கின்றனவே, அதே சொல்தான். வடமொழியில் கோசம் என்றால் உறை, கூடு; கூட்டிலிருந்து வந்தது, பட்டைக் குறிக்கும் கௌசேயம். தமிழில் அது கோசிகம் ஆயிற்று. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் தரும் நீண்ட துகில் பட்டியல் கோசிகத்தில்தான் தொடங்குகிறது.

நம் பட்டு என்ற சொல்லுக்குள் மரமும் இல்லை, கூடும் இல்லை. வடமொழியிலும் பிராகிருதத்திலும் உள்ள 'பட்ட' என்பதோடு அதை இணைத்துக் காண்பார்கள். துணிக்கீற்று, தலைக்கட்டு என்பவை அதன் பொருள்கள். அரசனுக்குக் கட்டும் பட்டமும் இந்தக் குடும்பத்துச் சொல்லே. இலக்கியத்திலும் பட்டு துணியாகவே வருகிறது. பட்டினப்பாலையில் பெண்கள் இரவில் பட்டைக் களைந்து மெல்லிய துகில் உடுத்துகிறார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குக் கரையில் முடிச்சிட்ட பட்டாடை தருகிறான். சிலப்பதிகாரத்துப் புகாரில் பட்டும் மயிரும் பருத்தியும் கொண்டு நெய்யும் காருகர் வாழ்கிறார்கள். உடுப்பவர், கொடுப்பவர், நெய்பவர் எல்லாரும் வருகிற இந்த இடங்களில் புழு வளர்ப்பவரைக் காணோம். மழை பெய்ததும் செம்மண்ணில் ஊரும் சிவந்த சிற்றுயிரைக்கூடப் பிள்ளைகள் பட்டுப்பூச்சி என்கிறார்கள். அது நூல் தராது. தொட்டால் மெத்தென்று இருக்கும். பட்டென்றால் நமக்கு முதலில் அந்த மென்மைதான்.

நைஜீரியாவின் தென்மேற்கில் யொரூபா மக்கள் காட்டுப்பட்டைச் 'சான்யான்' என்கிறார்கள். பல புழுக்கள் பின்னிய கூடு என்பதால் மல்பெரிப் பட்டைப் போல ஒற்றை இழையாக இழுத்தெடுக்க முடியாது. உள்ளிருக்கும் புழுக்களை நீக்கி, கூட்டைச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துப் பசையைப் போக்குவார்கள். பிறகு அலசி உலர்த்தி, பஞ்சை நூற்பதுபோலக் கதிரில் நூற்பார்கள். ஆண்கள் குறுந்தறியில் கையகலப் பட்டைகளாக நெய்ய, அவற்றை விளிம்போடு விளிம்பு தைத்தால் அகன்ற அங்கி உருவாகும். சாயமே ஏற்றாத மங்கிய பழுப்புதான் அதன் பெருமை. திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் தலைமை ஏற்கும் நாளுக்கும் உரிய துணி அது.

இன்று அந்தப் பழுப்பு நிறத்தில் சாயமேற்றிய பருத்தித் துணியும் செயற்கை நூல் துணியும் சான்யான் என்றே விற்கின்றன. நமக்கும் இது புதிதல்ல. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி, மரக்கூழிலிருந்து செய்த ரேயான் நூலில் சேலை நெய்து பெயர் வாங்கியது. ஆர்ட் சில்க் என்ற அந்தச் சேலை, பட்டு வாங்க வசதியில்லாத வீடுகளின் கல்யாணங்களிலும் பளபளத்தது. பட்டு என்ற சொல் துணியையும் மினுக்கையும் குறித்தே வளர்ந்தது. அதனால் ரேயானுக்கும் தடையில்லாமல் பொருந்திற்று. பொருள் மாறினாலும் பெயர் ஆட்சியில் இருக்கும். ஆனால் பழைய பொருளைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு அந்தப் பெயரால் மட்டும் சோறு கிடைக்காது.

இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் மல்பெரி பயிரிட்டு வெண்பட்டுக்கூடு எடுக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். மல்பெரியை அகராதி முசுக்கட்டை என்கிறது; தோட்டத்தில் அது மல்பெரிதான். புழு ஏறக்குறைய 25 நாள் தின்று, நான்கு முறை தோலுரிக்கும். பிறகு இலையை விட்டுவிட்டுத் தலை தூக்கும். உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அப்போது அதைப் 'பழுத்த புழு' என்பார்கள். பழத்துக்குச் சொல்வதைப் புழுவுக்குச் சொன்னவர், பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவராகத்தான் இருக்க முடியும். இளம்புழுவுக்குச் 'சாக்கி' என்றும், கூடு கட்ட விடும் தட்டுக்குச் 'சந்திரிகை' என்றும் பட்டு வளர்ப்பில் வழங்கும் சொற்கள் இப்போது தமிழ்ச் சொற்களே.

துணியாக வந்து சேர்ந்த பட்டுக்கு, வளர்ப்பவரின் சொற்கள் நம் மொழியில் இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இவற்றைப் புழு வளர்ப்பு மனைக்கே போய்க் கேட்டு, அகராதியில் ஏற்ற வேண்டும். உடுத்தியவர் சொல்லை ஈராயிரம் ஆண்டாகக் காத்த தமிழ், வளர்த்தவர் சொல்லையும் காக்கக் கடமைப்பட்டிருக்கிறது.