கைமுக்கு: யாருடைய கை?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் என்றால் இசைத் தூண்களையும் ஆஞ்சநேயரையும் சொல்வார்கள். கைமுக்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒழுக்கக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரி இங்கே வந்து கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் ஆட்சியில் (1829–1846) இது நிறுத்தப்பட்டது. கொடூரமான முறைதான். ஆனால் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது: யார்மீது குற்றமோ அவன் கைதான் நெய்க்குள் போகும்.

இணையத்தில் பாட்டையும் படத்தையும் திருட்டுத்தனமாகப் பகிர்கிற வலைப்பின்னல்களைப் பற்றிய சட்ட வரலாறு, அந்தக் கையைத் தேடி அலைந்த வரலாறுதான்.

1999-இல் வந்த நாப்ஸ்டரில் பாட்டுகள் ஆட்களின் சொந்தக் கணினிகளில் இருந்தன. யாரிடம் எது இருக்கிறது என்கிற அட்டவணை மட்டும் கம்பெனியிடம் இருந்தது. தெரிந்தும் தடுக்கவில்லை என்று 2001-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன்மேல் பொறுப்பைச் சுமத்தியது. பின்னால் வந்தவர்கள் அந்த அட்டவணையையே ஒழித்துவிட்டார்கள். 2005-இல் குரோக்ஸ்டர் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் 'தூண்டுதல்' என்பதைப் பிடித்துக்கொண்டது: திருட்டுக்கு ஊக்கம் கொடுத்துக் கருவியைப் பரப்பியவன், அதைக்கொண்டு பிறர் செய்யும் திருட்டுக்கும் பொறுப்பாளி. டோரன்ட் இன்னும் சிக்கல். படம் துண்டுதுண்டாகப் பிரிகிறது. இறக்கிக்கொள்கிறவனே அடுத்தவனுக்கு ஏற்றிவிடுகிறவனும் ஆகிறான். கொடுத்தவன், வாங்கியவன் என்ற எதிர்வு கலைந்துபோகிறது. சட்டி ஒன்று, கைகள் லட்சம்.

இந்தக் கட்டத்தில் அதிகாரம் எட்டுகிற கையைப் பிடிக்கிறது. தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டத்துக்குள் 'வீடியோ திருடர்கள்' சேர்க்கப்பட்டார்கள். சாராயக்காரன், ரவுடி, அவர்களோடு சிடி விற்கிறவன். விசாரணை இல்லாமலே ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கையில் நாகர்கோவிலில் சிடி விற்றுக்கொண்டிருந்த ஒரு அண்ணன் சொல்வார்: "ஏத்துனவன் எந்த ஊர்லயோ இருக்கான் மக்கா, பிடிச்சா என்னையத்தான் பிடிப்பான்." நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகம் வருகிறது.

ஏற்றியவன் கிடைக்காதபோது கோர்ட் பெயரில்லாதவன்மேல் உத்தரவு போடும். இந்தியாவில் அவனுக்கு 'அசோக் குமார்' என்று பெயர். 2012 மார்ச்சில் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியோர் உத்தரவு போட்டது. அதைக் காட்டி மே மாதம் இணையக் கம்பெனிகள் விமியோ போன்ற தளங்களை முழுசாகவே அடைத்தன. தான் எடுத்த குறும்படத்தைத் தானே ஏற்றி வைத்திருந்தவனுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஜூனில் நீதிமன்றம் திருத்தியது: தளத்தை மொத்தமாக அல்ல, திருட்டுப் பிரதி இருக்கிற குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்க வேண்டும். எங்களுக்கு இதில் பொறுப்பில்லை, ஆரம்பத்திலேயே வழக்கைத் தள்ளுங்கள் என்று கேட்ட இணையக் கம்பெனிகளின் கோரிக்கையையும் அந்த ஆண்டு அக்டோபரில் அது ஏற்கவில்லை. 2018-இல் '2.0' வந்தபோது 12,000-க்கு மேற்பட்ட தளங்களைத் தடுக்க உத்தரவாயிற்று.

திருட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. படம் ஓடாவிட்டால் லைட்மேனுக்கு அடுத்த படத்தில் வேலை இருக்காது, அது தெரியும். ஆனால் கீழே சிடி விற்றவனைக் கம்பிக்குப் பின்னால் வைத்தோம், மேலே கம்பியையே அறுத்தோம். நடுவில், முதல் பிரதியைத் தியேட்டரிலோ லேபிலோ எடுத்தவன் பெரும்பாலும் அசோக் குமாராகவே இருந்துவிட்டான். அந்த முதல் கையைக் குறிவைத்து, தியேட்டரில் படம்பிடிப்பவனுக்கு 3 மாதம் முதல் 3 வருஷம்வரை சிறை என்று சினிமா சட்டத்தில் எழுதியது 2023-இல்தான்.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கும் இயக்கத்தாருக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கலாம். படத்துக்காகப் பழகின பூட்டு நாளை போராட்டக் காணொளிக்கும் பொருந்தும். அதனால் கேட்க வேண்டியது அதிகமில்லை: தடுக்கும் முகவரியைக் குறிப்பிட்டுச் சொல், தடுக்கப்பட்டவனிடம் ஒரு வார்த்தை கேள், விசாரிக்காமல் ஒருத்தனை உள்ளே வைக்காதே. நெய்யைச் சுட வைக்கிறதுக்கு முன்னாலே, அது யாருடைய கை என்று பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.