கவலைத் தோலும் கண்டிஷனரும்

தோல் பை, பெல்ட், ஷூ என்று எதை வாங்கினாலும் இப்போது கூடவே ஒரு சின்ன டப்பாவையும் கடைக்காரர் நீட்டுவார். லெதர் கண்டிஷனர். இது ஏதோ நேற்று வந்த வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றும். ஆனால் "தோலுக்கு எந்த எண்ணெய் போடுவது?" என்பது சேலம், நாமக்கல் சமவெளியில் கிணற்றை நம்பி விவசாயம் செய்தவர்களுக்கு ஒரு காலத்தில் அன்றாடக் கேள்வி.

காரணம், கவலை. மனக்கவலை இல்லை! மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கும் கவலை. தெற்கே கமலை என்பார்கள். பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் காவிரி வாய்க்கால் உண்டு. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமெல்லாம் கிணறுதான் கதி. (நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது, எனவே இரண்டையும் சேர்த்தே பேசலாம்.)

கவலையில் இரும்புச் சால் ஒன்று இருக்கும். அதன் அடியில் யானைத் துதிக்கை போல ஒரு தோல் வால். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். ஒரு மெல்லிய கயிறு வாலின் வாயைத் தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் தொட்டிப் பக்கம் தாழ, தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடும். இப்படி நாள் முழுக்க அந்தத் தோல் நீரில் முங்கி முங்கி எழும். வேலை முடிந்ததும் வெயிலில் காயும். தோலுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

தோல் என்பது பின்னிக் கிடக்கும் நார்கள். நார்களுக்கு நடுவே எண்ணெய் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், தோல் வளையும். தண்ணீர் அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும். பிறகு காயும்போது நார்கள் ஒட்டிக்கொள்ளும், தோல் விறைக்கும், மடிப்பில் வெடிக்கும். வால் வெடித்தால் பாதித் தண்ணீர் மறுபடி கிணற்றுக்குள்ளேயே போகும்!

இதற்கான மருந்து தோல் பதனிடும் இடத்திலேயே தொடங்கியது. தமிழ்நாட்டுப் பழைய முறையில் பதனிடும் சரக்கு ஆவாரம்பட்டை. இந்த வறண்ட சமவெளியில் சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்குமே, அதே ஆவாரைதான். அதன் பிறகு நிறம் வெளுக்கக் கடுக்காய். கடைசியில், ஈரம் முழுவதும் போவதற்கு முன்பே எண்ணெய் தடவுவார்கள். நீர் ஆவியாகிப் போக, அந்த இடத்துக்குள் எண்ணெய் இறங்கும். புங்க எண்ணெய் இதற்குப் பேர் போனது. இப்படிப் பதனிட்ட தென்னிந்தியத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது.

எல்லா எண்ணெயும் உதவாது. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும், பெயிண்டுக்கு நல்லது, தோலுக்குக் கெடுதல். ஆமணக்கெண்ணெய் அப்படி எளிதில் இறுகாது. ஆனால் எந்த எண்ணெயாலும் தீராத தொல்லை ஒன்று இருந்தது. பட்டைத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை மாதிரி ஆகிவிடும். தோல் வாலைச் சாலோடு கட்டும் இடம் கறுத்து வலுவிழக்கும்.

இங்கேதான் ஆல்பிரட் சாட்டர்டன் வருகிறார். சென்னை கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த இவர் 1903ல் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். பூட்ஸ், செருப்போடு அவர் குறிவைத்த முக்கியமான பொருள் கவலைத் தோல்! பட்டைத் துவர்ப்பு நீரில் ஊறி வெளியேறும். குரோம் நாரோடு இறுகப் பிடித்துக்கொள்வதால் எளிதில் அழுகாது. சோதனை செம்பியத்தில் அரசுத் தொழிற்சாலையாக வளர்ந்தது. ஆனால் அரசாங்கமே தொழில் நடத்துவது தனியார் வியாபாரத்தைக் கெடுக்கும் என்று ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910ல் இந்தியாவுக்கான மந்திரி மார்லி அதற்கு ஆதரவாக முடிவெடுத்தார். தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. லாபம் தெரிந்த பிறகு மூடச் சொன்னது விசித்திரமான வணிகக் கொள்கைதான்.

கிராமத்தில் கவலைத் தோலைத் தைத்ததும், வெடித்தால் ஒட்டுப் போட்டதும் அருந்ததியர் குடும்பங்கள். கூலி பெரும்பாலும் பணமாக இல்லை, அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் தானியம். செத்த மாட்டைத் தூக்குவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. அவர்கள் தைத்த வாலில் வந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர், அவர்களைக் கிணற்றருகே விடவில்லை. எந்தத் தோல் எந்த இடத்தில் தாங்கும் என்ற அவர்களுடைய கைப்பழக்கத்துக்கு ஊர்க் கணக்கில் விலையே இல்லை.

மேட்டூரில் 1937ல் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு மின்கம்பங்கள் கிராமம் கிராமமாகப் போயின. பம்பு செட் வந்த கிணற்றில் கவலை நின்றது. விவசாயிக்கு அது விடுதலை. தைத்தவர்களுக்குத் தானியமும் நின்றது, பலர் கூலி வேலைக்குப் போனார்கள்.

இன்று விற்கும் பை, ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை குரோம் தோல். அதற்குத் தேவையான எண்ணெயை நீரில் குழம்பாக்கி ஆலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள், மேலே பாலிஷ் பூச்சும் இருக்கும். வீட்டுத் தேங்காய் எண்ணெயை ஊற்றினால் உள்ளே அதிகம் போகாது, பிசுக்கும் அழுக்கும்தான் மிஞ்சும். இதற்கு லேசான கிரீம் போதும், அதுவும் எப்போதாவது. பட்டைத் தோல் பெல்ட்டோ செருப்போ என்றால் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் கேட்கும். வெட்டிய ஓரம் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக் கறுத்தால் பட்டைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சு போன்ற ஸ்வேடு தோலில் எண்ணெயே கூடாது, பிரஷ் மட்டும்தான். எதுவானாலும் முதலில் வெளியே தெரியாத ஒரு மூலையில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும்.

ரெக்சின் பைக்குக் கண்டிஷனர் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் துணி மேல் பூசிய பிளாஸ்டிக். உரிய ஆரம்பித்தால் புங்க எண்ணெயும் காப்பாற்றாது!