வெற்றிடத்தில் வெடிமருந்து: பாயில் முதல் ஏபல் வரை

வெடிமருந்து எரியக் காற்று வேண்டாம் என்பது இன்று பள்ளிப் பாடம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த அந்தக் கறுப்புப் பொடியில் ஆக்சிஜனை வெடியுப்பே தந்துவிடுகிறது. அப்படியானால், காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் கலத்துக்குள் அது ஏன் ஒழுங்காக எரிய மறுத்தது? 17-ஆம் நூற்றாண்டின் பம்புகள் ஒழுகின என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒழுகும் பம்பு உள்ளே விடுவது காற்றைத்தானே. அது எரிதலுக்குத் துணைதான் போயிருக்கும். பழியைக் கருவியின் தலையில் கட்ட வழியில்லை. அன்றைய சோதனையாளர்கள் கண்டது சரி. கண்டதை எந்தக் கேள்விக்கு விடையாக வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் சிக்கல் என்பது என் வாதம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் ஹூக்கின் கைவண்ணத்தில் உருவான காற்றுப் பம்பைக் கொண்டு ராபர்ட் பாயில் செய்த சோதனைகள் 1660-இல் நூலாயின. காற்று குறைந்த கலத்தில் மெழுகுவத்தி அணைந்தது. தீ நிலைக்கக் காற்று வேண்டும் என்றானபின், தண்ணீருக்கடியிலும் எரியும் வெடிமருந்தை என்ன செய்வது? 1672-இல் வெளியான, சுடருக்கும் காற்றுக்கும் உள்ள உறவைப் பற்றிய சோதனைகளில் பாயில் இதைக் கையில் எடுத்தார். குவிவில்லையால் வெயிலைக் குவித்து, கலத்துக்குள் கிடந்த மருந்தின்மேல் பாய்ச்சினார். ஒளி பட்ட மணிகள் உருகின, புகைந்தன, சில பற்றவும் செய்தன. ஆனால் ஒட்டிக் கிடந்த அடுத்த மணிக்குத் தீ தாவவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் மருந்து பட்டபோதும் வெடிப்புக்குப் பதிலாக, கந்தகம் எரிவதுபோல் அகன்ற நீலச் சுடர் எழுந்தது.

தாவாத அந்தத் தீதான் சோதனையின் உயிர்நாடி. அதை அப்படியே எழுதி வைத்தது பாயிலின் பெருமை. ஆயினும் அன்றைக்கு எல்லோர் மனத்திலும் இருந்தது ஒரே கேள்வி: காற்று தீக்கு இரையா? வெடியுப்பில் உறைந்திருப்பதைப் போன்ற ஒரு பொருள் காற்றிலும் இருக்கிறது, எரிபொருளைக் கரைப்பது அதுவே என்று ஹூக் 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’வில் எழுதியிருந்தார். ஜான் மேயோ 1674-இல் அந்தப் பொருளை ‘வெடியுப்புக் காற்றுத் துகள்’ ஆக்கினார். காற்றில்லாத இடத்திலும் வெடிமருந்து எரிவது அவருக்குச் சான்றாயிற்று. வெடியுப்புப் படிகங்களின் இடுக்கில் காற்றே ஒளிந்திருக்குமோ என்று பாயில் ஐயுற்றார். எரிந்ததை ஒரு தரப்பும் எரியாததை மறு தரப்பும் எடுத்துக்கொண்டால், வழக்கு எப்படித் தீரும்? பற்றிய மணி பக்கத்து மணியை ஏன் பற்றவைக்கவில்லை என்பது கேட்பாரற்றுக் கிடந்தது.

பெஞ்சமின் ராபின்ஸ் இந்த வழக்குக்குள்ளேயே நுழையவில்லை. பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி 1742-இல் அவர் வெளியிட்ட நூலில் வெற்றிடம் ஓர் அளவுப் பாத்திரமாகிறது. காற்று நீக்கிய கலத்தில் செக்கச் சிவந்த இரும்பு. மேலிருந்து அதன்மேல் வெடிமருந்து விழுகிறது. கலத்தோடு இணைந்த பாதரசம், மருந்து வெடித்த கணத்தில் சடாரென்று இறங்குகிறது, உடனே ஏறுகிறது, ஆனால் பழைய உயரத்தை எட்டுவதே இல்லை. எட்டாமல் நிற்கும் அந்தக் குறைதான் புதிதாகப் பிறந்த வாயுவின் அளவு. சுமார் 520 கன அங்குலக் கலத்தில் ஓர் அவுன்ஸில் வீசம், அதாவது 16-இல் ஒரு பங்கு, மருந்து போட்டதற்குப் பாதரசம் 2 அங்குலம் தாழ்ந்தது. கலத்தின் சூட்டுக்குக் கழிவு போட்டுப் பார்த்தால், மருந்தின் பருமனைப்போல் 244 மடங்கு வாயு. வெடிக்கும்போதுள்ள வெப்பம் இதை நான்கு மடங்காக்கும் என்று கொண்டு, குழலுக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு என்றார். வாயுவின் அளவில் அவர் அதிகம் பிசகவில்லை. 1875-இல் வெடிமருந்தை ஆராய்ந்த நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் கண்டது சுமார் 280 மடங்கு. அழுத்தத்தில்தான் பெரும் பிசகு: அவர்கள் அளந்தது ஏறத்தாழ 6,400 வளிமண்டலம். (கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீர்செய்ய வந்த ராபின்ஸ், 1751-இல் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். அந்தக் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.)

கேட்பாரற்றுக் கிடந்த கேள்விக்கு விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. மேட்டு நிலங்களில் குண்டுகளின் நேரத்திரிகள் மெதுவாக எரிகின்றன என்பதை இந்தியாவில் பணியாற்றிய மிட்செல் என்ற படை அதிகாரி 1855-இல் அறிவித்தார். எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் 1861-இல் அதைக் கணக்கில் பிடித்தார்: பாதரசமானி ஓர் அங்குலம் இறங்கினால் 30 விநாடித் திரி ஒரு விநாடி தாமதிக்கும். இறுக்கி அடைத்த திரிக்குள் இருப்பதும் அதே வெடிமருந்துதான். வெளிக்காற்றிலிருந்து அதற்கு இரை போகவில்லை. காற்றின் அழுத்தம் மட்டுமே குறைந்திருந்தது.

நமத்துப்போன பட்டாசைப் பிரித்து, மருந்தைத் தாளில் கொட்டிக் கொளுத்திய பிள்ளைகளுக்கு இதில் பாதி புரியும். கட்டு இல்லாவிட்டால் புஸ்ஸென்று போய்விடும். வெற்றிடத்தில் காற்றின் பாரம் என்ற கடைசிக் கட்டும் அவிழ்ந்துவிடுகிறது. மணியிலிருந்து கிளம்பும் சூடான வாயு எதிர்ப்பின்றிச் சிதறி, அடுத்த மணியைத் தொட்டுச் சூடேற்றுமுன் வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோகிறது. ஃபிரெடரிக் ஏபல் 1864-இல், காற்றுக் குறைத்த கலத்தில் மின்சாரத்தால் காய்ச்சிய பிளாட்டினக் கம்பியின்மேல் மருந்தை வைத்துச் சோதித்து இந்த விளக்கத்தையே தந்தார். கம்பியைத் தொட்ட மணிகள் உருகின, கந்தகம் ஆவியாகிப் பிரிந்தது, தீ மட்டும் பரவ மறுத்தது. குவிவில்லையின் இடத்தில் கம்பி. மற்றபடி, ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன் பாயில் எழுதி வைத்த அதே காட்சி.