வாக்குரிமையும் மருத்துவ உரிமையும்

வருவாய் குன்றிய நாடுகளில் மருத்துவம் அனைவர்க்கும் எட்டாமைக்குப் பொருட்குறையே காரணம் என்பர் பலர். இலங்கை வரலாறு இக்கருத்துக்கு முற்றும் இசைவதன்று.

1926-இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பெற்றது. 1931-இல் டொனமூர் யாப்பு வயது வந்தோர்க்கு வாக்குரிமை நல்கியது. 1934-35-இல் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். சிற்றூர் மக்களின் வாக்கை நாடிய அரசாங்க சபையினர்க்கு அவர்தம் துயரைப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. வரிப்பணத்தால் நடைபெறும் இலவச மருத்துவம் படிப்படியாக வேரூன்றியது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் நிலையோ வேறு. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அவர்தம் மருத்துவம் பெரிதும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாய் நின்றது. அவருட் பெரும்பாலார் 1948-இன் சட்டத்தாற் குடியுரிமையையும், 1949-இன் சட்டத்தால் வாக்குரிமையையும் இழந்தனர். தேயிலை ஏற்றுமதி வரி அரசின் கருவூலத்தை நிரப்பிற்று. அத்தேயிலையைக் கொய்தவரோ தோட்ட மருந்தகத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். தோட்டங்களிற் குழந்தை இறப்பு, நாட்டின் சராசரியினும் நெடுங்காலம் மிக்கிருந்தது.

வறுமையும் நெருக்கடியான லயன் வாழ்வுமே இதற்குக் காரணம் எனலாமோ எனின், அவையும் காரணங்களே. ஆயினும் சிற்றூர் வறியவர்க்குத் தம் குறையை அரசவை ஏற்றும் வாக்கு இருந்தது. தோட்டத்து வறியவர்க்கு அஃது இல்லை. 1988-இலும் 2003-இலும் இயற்றப்பெற்ற சட்டங்களே அக்குடியுரிமைக் குறையைத் தீர்த்தன.

ஆகவே மருத்துவ நீதியை ஆராய்வார், எவ்வளவு பொருள் செலவாயிற்று என்பதனோடு அமையாது, அதனைக் கேட்கும் உரிமை யார்பால் இருந்தது என்றும் வினவுதல் வேண்டும்.