கவுனியும் காப்பியும்

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் இது ஒன்றும் அதிசயமல்ல.

1758-ஆம் ஆண்டுக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டான். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்ததும் திரும்பிப் போனான். ஆனால் அவன் மூட்டிவிட்ட பயம் போகவில்லை. கும்பினியார் கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். மேற்கு மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலுக்காக ஜனங்களிடம் வரி கேட்டார்கள், வரி வசூலாகவில்லை. என்றாலும் 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது!

அந்த ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், 1980-களில், ஒரு காப்பிப் பொடிக் கடை இருந்தது. வறுக்கிற வாசனை சந்து முனையிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும். பள்ளிக்கூடத்துப் பையனாகிய நான் ஒரு நாள் கடைக்காரரைக் கேட்டேன்: "ஐயா, இந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது?"

அவர் சிரித்தார். "பீபரி வேண்டுமா, பிளான்டேஷன் வேண்டுமா என்று கேள், தம்பி, சொல்கிறேன். மலையின் பேர் எனக்கே தெரியாது. எல்லாம் போர்டு ஏலத்தில் வருகிறது."

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

பாபா புதான் என்ற பெரியவர் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது நாம் எல்லாரும் கேட்ட கதை. தமிழ்நாட்டில், சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-ஐ ஒட்டி ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டார். பிறகு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் அது பரவிற்று. நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் ஐரோப்பியர்கள். இரண்டாம் உலக யுத்தம் மூண்டது, கப்பல்கள் நின்றன, கொட்டை தேங்கிற்று. தோட்டக்காரர்கள் அழிந்து போகாமலிருக்க சர்க்கார் குறுக்கிட்டது. 1942-ல் காப்பிச் சட்டம் வந்தது. வீட்டுக்கும் விதைக்கும் போக விளைந்ததையெல்லாம் போர்டின் பொதுக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். போர்டு தரம் பிரித்து ஏலம் விடும். பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது சுலபம். ஆனால் மூழ்குகிறவனுக்கு அது தோணியாக இருந்தது. சங்கடம் என்னவென்றால், வெள்ளம் வடிந்த பிறகும் அவனைத் தோணியிலிருந்து இறங்க விடவில்லை. இரண்டு ஏக்கர்க்காரன் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்தாலும், பக்கத்துத் தோட்டத்துக் கொட்டையோடு அவனுடையதும் ஒரே குவியலில் சேர்ந்தது. கடைசித் தவணைக்கு அவன் வெகுநாள் காத்திருந்தான். அவன் பெயர் களஞ்சியத்து வாசலிலேயே நின்றுவிட்டது.

1989-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு முறிந்தது. 1991-ல் பெரிய வாடிக்கையான சோவியத் நாடு மறைந்தது. மதில் விரிசல் கண்டது. 1992-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விற்பனைச் சுதந்திரம் கிடைத்தது. 1995-ல் 10 ஹெக்டேருக்கு மேற்படாத சிறு விவசாயிகளுக்கும், 1996-ல் எல்லாருக்கும் கவுனி முழுக்கத் திறந்தது.

திறந்த கவுனி வழியே வியாபாரி மட்டுமா வருவான்? புயலும் வரும். 2001-ஐ ஒட்டி உலகச் சந்தையில் விலை அதல பாதாளத்துக்குப் போயிற்று. களஞ்சியம் இருந்தால் தேவலை என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. நம் நாட்டுக் காப்பித் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் சிறு தோட்டங்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பெருமூச்சின் கனம் விளங்கும்.

அவர்களில் சிலருக்குக் கைகொடுத்தது, விந்தையாக, ஓர் இத்தாலிய யந்திரம். 1901-ல் மிலான் நகரத்து பெஸேரா அதற்கு உரிமை பெற்றார். 1940-களின் கடைசியில் காஜியா அதைச் சீர்திருத்தினார். பொடியின் ஊடே வெந்நீரை மிகுந்த அழுத்தத்தில், அரை நிமிஷத்துக்குள் செலுத்துவது எஸ்பிரெஸோ. நம் பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன் பாலோடும் சிக்கரியோடும் சேர்ந்து சிறு குற்றங்களை மறைத்துவிடும். எஸ்பிரெஸோ எதையும் மறைக்காது. காய், பழம் என்று பாராமல் உருவிய கொட்டையை முதல் மிடறிலேயே காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே, பழமாகப் பொறுக்கிப் பறிக்கும் கைக்கு மதிப்பு வந்தது. ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கின் ஆதிவாசி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விளைவித்த காப்பி, 2017-ல் பாரிஸ் நகரத்தில் தன் பெயரிலேயே கடை திறந்தது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

சமீபத்தில் யானைக்கவுனிப் பக்கம் போயிருந்தேன். பழைய கடை இல்லை. வேறொரு கடையில், தாண்டிக்குடி மலைக் கொட்டை என்று எழுதிய பொட்டலம் ஒன்றைக் கண்டேன். வாழைக்கும் மிளகுக்கும் நடுவே காப்பி வளர்க்கும் ஊர் அது. விலை கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலில் எத்தனை பங்கு மலை ஏறும் என்று கடைக்காரப் பையனைக் கேட்டேன்.

"அது தெரியாது சார்" என்றான்.

மலையின் பெயர் தெரிய நாற்பது வருஷம் ஆயிற்று. இந்தக் கேள்விக்கும் அத்தனை காலம் ஆகக் கூடாது என்று எண்ணிக்கொண்டே பொட்டலத்தை வாங்கி வந்தேன்.