பல்லின் குழியும் எலும்பின் வரலாறும்

‘பல் போனால் சொல் போயிற்று’ என்பர். ஆயின் பல்லோடு போவது சொல் மட்டுமன்று. அதனைத் தாங்கிநின்ற எலும்பும் மெல்லக் கரைகின்றது. பல்லைப் பிடுங்கிய ஓராண்டிற்குள் அவ்விடத்துத் தாடையின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும் என 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று அளந்து கூறிற்று. எலும்பு குறைந்தால் பின்னர்ச் செயற்கைப் பல்லை ஊன்றுதல் அரிதாகின்றது.

எலும்பின் குறையை எதனால் நிரப்புவது என்னும் வினா மிகப் பழையது. காயமுற்ற ருஷ்யர் ஒருவரின் மண்டையோட்டில் நாயின் எலும்பை வைத்துப் பொருத்திய செய்தியை டச்சு அறுவை மருத்துவர் வான் மீக்கரன் எழுதினார்; அஃது 1668இல் வெளியாயிற்று. எலும்பு பொருந்திற்று, திருச்சபைக்கோ அது பொருந்தவில்லை, அவரை விலக்கி வைத்தது. 1892இல் ஜெர்மானியர் டிரீஸ்மன் எலும்புக் குழிகளில் பாரிஸ் சாந்தை இட்டார். சுண்ணச்சத்து நீக்கிய எலும்பு புதிய எலும்பைத் தோற்றுவிக்கும் என்று அமெரிக்கரான யூரிஸ்ட் 1965இல் காட்டினார்.

நம் நாட்டிலும் இம்முயற்சி வளர்ந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988இல் திசு வங்கி தோன்றிற்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் எலும்பை ஒத்த பீங்கான் பொருள்களை ஆக்கியது. 1958இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற பெங்களூரில், இன்று பல கல்லூரிகள் இத்தகைய பொருள்களை ஒப்பிட்டு ஆராய்கின்றன.

சோதனையின் நுட்பம் ஒன்றுண்டு. ஒன்றும் இடாத குழியும் தானே ஆறும்; ஆதலின் எலும்பு வளர்ந்தது என்பதனால் மட்டும் மருந்து வென்றதாகாது. நிரப்பிய குழியையும் நிரப்பாத குழியையும் சில திங்கள் கழித்து அளந்து ஒப்பிடல் வேண்டும். இதுவரை கண்ட அளவில், நிரப்புதல் தேய்வைக் குறைக்கின்றது, முற்றும் தடுப்பதில்லை. இன்ன பொருளே சிறந்தது என்றும் முடிவாகவில்லை.

இடும் பொருள் மாட்டெலும்பாக இருக்கலாம். இறந்தோர் ஈந்த எலும்பாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் ஆக்கியதாகவும் இருக்கலாம். அஃது எது என்று அறிந்து இசைவதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை. அந்த ருஷ்யர்க்கு நேர்ந்ததை எண்ணினால் இவ்வுரிமையின் அருமை புலப்படும். அயல் மாநிலத்தில் வாழும் நாம், புரியாத மொழியில் அமைந்த இசைவுத் தாளில் கையொப்பமிடுதல் தகாது. நமக்கு விளங்கும் மொழியில் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவோமாக.